பரமபதப் படமும் மருந்துப் படமும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நாம் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தை நோட்டீசில் பார்த்துவிட்டுச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு டாக்டர் இருக்கிறார். விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேச இவருக்கு என்ன யோக்கியதை என்று கேட்டார்களாம். கேள்வி நியாயமானதுதான். நாம் டாக்டரல்ல. பெரிய படிப்புப் படித்தவருமல்ல. படித்ததெல்லாம் இம்மாதிரி வாசகசாலைகளின் பெஞ்சியில் உட்கார்ந்து படித்ததுதான். ஆனால் மருந்து விழுங்குகிறவர்களில் நாமும் ஒருவர். விழுங்குகிறவனுக்கு, தான் விழுங்குவது எங்கிருந்து வந்தது, அது நல்லதென்று யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பதற்கு யோக்கியதை உண்டா இல்லையா? உண்டு என்பதுதான் நமது அபிப்பிராயம்.

இதோ இந்தச் சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்று கடையில் வாங்கிய பரமபத சோபான படம். மற்றொன்று இந்த வாசகசாலைப் பிள்ளைகள் அட்டையில் கட்டம் போட்டு, ஏணியும் பாம்பும் வரைந்து, மருந்துப் படம் என்று பேர் வைத்திருப்பது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நம்முடைய பேச்சு முடிந்துவிடும். ஆனாலும் நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டபடியால் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லுகிறோம்.

பழைய படம் கற்பிப்பது என்ன?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம்முடைய வீடுகளில் இந்தப் பரமபதம் ஆடுகிறார்கள். சோழியையோ தாயக்கட்டையையோ உருட்ட வேண்டியது. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டியது. ஏணி வந்தால் புண்ணியம், ஏறலாம். பாம்பு வந்தால் பாவம், இறங்க வேண்டும். உச்சியிலே வைகுண்டம். வைகுண்டத்துக்கு நாலு கட்டம் இருக்கும்போது ஒரு பெரிய பாம்பு வாயைத் திறந்துகொண்டிருக்கும். அதன் வாயில் விழுந்தால் அடிமட்டத்துக்கு வந்துவிட வேண்டியதுதான்.

இந்த விளையாட்டைப் பற்றி நமக்கு ஒரே ஒரு சந்தேகம். ஏணியில் ஏறினவன் என்ன நல்ல காரியம் செய்தான்? ஒன்றும் செய்யவில்லை, கட்டையை உருட்டினான். பாம்பிடம் விழுந்தவன் என்ன பாவம் செய்தான்? அவனும் கட்டையைத்தான் உருட்டினான். இரண்டு பேரும் செய்த காரியம் ஒன்று. ஆனால் ஒருவன் புண்ணியவான், மற்றவன் பாவி. இதைக் குழந்தைக்கு ஐந்து வயதிலிருந்து விளையாட்டாகக் கற்பித்துவிட்டால், பிற்பாடு ஒருவனைப் பார்த்து, "நீ சேரியில் பிறந்ததற்குப் போன ஜென்மத்து வினைதான் காரணம், உனக்குச் சயரோகம் வந்ததற்கும் போன ஜென்மத்து வினைதான் காரணம்" என்று சொன்னால் அவன் மறுபேச்சுப் பேசுவானா? அவன்தான் சின்ன வயதிலேயே ஆடிப் பழகிவிட்டானே!

ஆகவே விளையாட்டு என்பதை நாம் இலேசாக நினைப்பதில்லை. புராணப் பிரசங்கம் கேட்கும்போது குழந்தை தூங்கிப் போகும், விளையாடும்போது தூங்காது. வைதிகர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் படம் போட்டார்கள். நாமும் அந்த உபாயத்தைக் கைக்கொண்டால் என்ன என்பதுதான் இந்தப் பிள்ளைகளின் யோசனை.

புதிய படத்தின் விதி

மருந்துப் படத்திலும் கட்டையுண்டு, ஏணியுண்டு, பாம்புண்டு. ஆனால் விதி வேறு. இதிலே ஏணியின் அடிக்கு வந்துவிட்டதனாலேயே யாரும் ஏறிவிட முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? கொடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று? எண்ணிப் பார்த்தது யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் ஏறலாம். பாம்பிடம் விழுந்தாலும் சும்மா இறங்க முடியாது. "இந்தப் பாம்பிடம் நான் தெரிந்துகொண்டது இது" என்று உரக்கச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். பாம்பில் விழுந்ததை மறைத்து, காயைத் தள்ளி வைத்தவன் ஆட்டத்தைவிட்டே வெளியே போக வேண்டும்.

இந்த விதிகளுக்கெல்லாம் சாட்சியாக ஒரே ஒரு வியாதியின் கதையை மாத்திரம் சொல்லுகிறோம். அது சயரோகம். உலகத்திலுள்ள சயரோகிகளில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கிறபடியால், இது நம்முடைய சொந்தக் கதை.

முதல் கட்டம் 1882. அந்த வருஷம் மார்ச்சு 24ந் தேதி பெர்லின் நகரத்தில் ராபர்ட் கோக் என்பவர், சயரோகத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்று எடுத்துக் காட்டினார். அன்றைக்கே போன ஜென்மத்து வினைக்கு வேலை போய்விட்டது. கோக்குக்கு உலகமெல்லாம் பெயர். அதே கோக் 1890இல், இந்த வியாதிக்கு ஒரு மருந்தும் கண்டுவிட்டதாகத் தெரிவித்தார். சொன்னவர் சாமானியரல்ல. எங்கெங்கிருந்தோ நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். ஊசி போட்டுக்கொண்டார்கள். குணமாகவில்லை. முதல் பாம்பு! கோக் எவ்வளவு பெரியவராயிருந்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான். அந்தச் சரக்குக்கு டியூபர்குலின் என்று பெயர். நோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அது பிற்காலத்தில் உபயோகப்பட்டது. மருந்தாக நிற்கவில்லை.

இரண்டாவது பாம்பு தங்கப் பாம்பு. 1920களில் தங்கத்திலிருந்து செய்த ஒரு உப்பைச் சயரோகத்துக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். தங்கம் என்றால் யார் வேண்டாமென்பார்கள்? நம் நாட்டில் தங்கபஸ்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லையா? அதுபோலவே மேல்நாட்டிலும் டாக்டர்கள் கொடுத்தார்கள், நோயாளிகள் வாங்கினார்கள். அமெரிக்காவில் ஆம்பர்சன் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் மாத்திரம், கொடுக்காதவர்களுக்கு என்ன ஆகிறதென்று பார்க்க வேண்டாமா என்று கேட்டார்கள். ஒருவருக்கொருவர் ஏறக்குறையச் சமமான நிலைமையிலிருந்த 24 நோயாளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தார்கள். எந்தப் பன்னிரண்டு பேருக்குத் தங்கம் என்பதை ஒரு காசைச் சுண்டிப் பூவா தலையா போட்டுத் தீர்மானித்தார்கள். 1931இல் முடிவை வெளியிட்டார்கள். தங்கத்தால் நன்மையில்லை, கெடுதல்தான் உண்டாயிற்று. அந்தப் பூவா தலையா இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் தங்க ஊசி போட்டுக் கொன்றிருப்பார்களோ!

அப்புறம் ஒரு ஏணி. 1943இல் அமெரிக்காவில் நியூஜெர்சியில், வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இருபத்துமூன்று வயது மாணவர் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றிலிருந்து சயரோகக் கிருமியைத் தடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. நம் காலடியிலிருக்கும் மண்ணிலிருந்து வந்த மருந்து! ஆனால் 1952இல் நோபல் பரிசு வந்தபோது அது வாக்ஸ்மன் ஒருவருக்குத்தான் வந்தது. அதற்கு முன்னமே ஷாட்ஸ் கோர்ட்டுக்குப் போய்த்தான், தானும் கண்டுபிடித்தவன் என்று ஒப்புக்கொள்ளச் செய்தார். பாடுபட்டவன் ஒருவன், மாலை போட்டுக்கொண்டவன் ஒருவன் என்பது மேல்நாட்டிலும் உண்டு. பிள்ளைகள் அதற்கும் ஒரு கட்டம் வரைந்திருக்கிறார்கள்.

ஆய்வுக் குழாயில் கிருமி செத்துவிட்டதனால் மனிதனுக்கு மருந்தாகிவிடாது. சீமை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; நோய் அடங்கிற்று. பிறகு சில நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்; நல்ல குறி தெரிந்தது. சிலருக்குக் காதும் தலைநிதானமும் கெட்டதும் தெரிந்தது. இவ்வளவு ஆன பிறகுதான் படத்தில் இருக்கும் பெரிய ஏணியின் அடிக்கு வந்தோம்.

பூக்கட்டிப் பார்ப்பதும் சீட்டுப் போடுவதும்

தோழர்களே! இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்கவேண்டும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். பிரிட்டனுக்கு அமெரிக்காவிலிருந்து வாங்க டாலர் இல்லை. கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். யாருக்குக் கொடுப்பது? நம் ஊராயிருந்தால் என்ன நடக்கும்? மந்திரியின் மைத்துனனுக்கு ஒரு பங்கு, மிராசுதார் மகனுக்கு ஒரு பங்கு, டாக்டரின் சாதிக்காரனுக்கு ஒரு பங்கு என்று போய்விடும். அல்லது டாக்டர் நல்லவராயிருந்தால், பிழைத்துக்கொள்வான் என்று தோன்றுகிறவனுக்கே கொடுப்பார். அவனும் பிழைத்துக்கொள்வான். அப்போது பிழைக்கவைத்தது மருந்தா, அவன் உடம்பா என்று எப்படித் தெரியும்?

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற கணக்கறிஞர் சொன்ன வழி இதுதான். எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத எண்களைக்கொண்டு முன்னதாகவே சீட்டுத் தயார் செய்து, உறையிலிட்டு மூடிவிட வேண்டியது. நோயாளி சேர்க்கத் தகுந்தவர்தான் என்று முடிவான பிறகே உறையைப் பிரிக்க வேண்டியது. உள்ளே எது எழுதியிருக்கிறதோ அது. டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது.

உடனே ஒரு வைதிகத் தோழர் எழுந்து, "சபாஷ்! நாங்கள் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தால் மூடநம்பிக்கை என்கிறீர்கள். உங்கள் விஞ்ஞானி சீட்டுப் போட்டுப் பார்த்தால் பகுத்தறிவா?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்லுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று பூக்கட்டிப் பார்த்தார்கள். குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்ற பூ வந்தது. மூன்று மாதம் திருநீறு பூசிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தான். இரத்தமாக இருமின பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அதற்குள் அவனுடைய தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது. இருவரும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தார்கள். பூவால் வந்த லாபம், ஒரு நோயாளி இரண்டானதுதான்.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். பூக்கட்டுகிறவன், சீட்டு வந்தவுடன் விடை கிடைத்துவிட்டதென்று எழுந்து போகிறான். விஞ்ஞானி, சீட்டு வந்த பிறகுதான் கேள்வியையே ஆரம்பிக்கிறான். பூக்கட்டுகிறவன், யாரோ ஒருவருடைய சித்தத்தைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போடுகிறான். விஞ்ஞானி, சாமியின் சித்தமோ டாக்டரின் சித்தமோ மந்திரியின் சித்தமோ உள்ளே நுழையக்கூடாது என்பதற்காகச் சீட்டுப் போடுகிறான். பரமபதத்தில் கட்டைதான் எஜமான். மருந்துப் படத்தில் கட்டை வெறும் வாயிற்காவல்காரன். சிபாரிசோடு வருகிறவனை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

நிற்க, பலன் என்ன ஆயிற்று? மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வும் ஸ்ட்ரெப்டோமைசினும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மாத்திரம். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எது யாருடைய படம் என்று தெரியாது. 1948இல் வெளியான கணக்குப்படி, ஆறு மாதத்தில் மருந்து வாங்கின 55 பேரில் இறந்தவர் 4 பேர். வாங்காத 52 பேரில் இறந்தவர் 14 பேர். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் மருந்துப் பக்கத்தில் 28 பேர். மருந்தில்லாத பக்கத்தில் 4 பேர்.

இந்தக் கடைசி நாலு பேரை நீங்கள் மறக்கக்கூடாது. ஒரு மருந்துமில்லாமல் படுத்திருந்தே தேறியவர்கள் இவர்கள். இந்த நாலு பேரும் நம் ஊரில் இருந்து, ஆளுக்கொரு தாயத்துக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாயத்துக்காரர் நாலு பேரையும் மேடையேற்றிக் காட்டுவார். மற்ற 48 பேரை யார் எண்ணுவார்கள்? செத்தவன் வந்து சாட்சி சொல்லமாட்டான் அல்லவா? தாயத்து, திருநீறு, தீர்த்தம், அதிசய லேகியம் எல்லாம் இந்த நாலு பேரைக்கொண்டுதான் இத்தனை காலமாகப் பிழைத்துவருகின்றன. "கொடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், அத்தனையும் இறங்கிவிடும்.

ஸ்ட்ரெப்டோமைசின் வைகுண்டம் சேர்ந்துவிட்டதா? இல்லை. அந்த 55 பேரில் பலரிடம் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. பிறகு மருந்து கேட்கவில்லை; குணமடைந்தாற்போலிருந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள். பெரிய பாம்பு! ஆனால் அதை மறைக்கவில்லை. அதே அறிக்கையில் எழுதினார்கள். எழுதினதனால்தான் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்க வழி ஏற்பட்டது. சேர்த்துக் கொடுத்தபோது கிருமி அவ்வளவு சுலபமாகப் பழகவில்லை. பாம்பு சொன்ன பாடந்தான் அடுத்த ஏணி. இன்றைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நாலு மருந்தைச் சேர்த்து இலவசமாகக் கொடுத்து, ஆறு மாதம் விடாமல் சாப்பிடு என்று தலையிலடித்துக்கொள்ளுகிறார்களே, அது ஏன் என்று இப்போது தெரிகிறதா? இரண்டாவது மாதத்தில் இருமல் நின்றுவிட்டதென்று மாத்திரையை நிறுத்துகிறவன், அந்தப் பழைய பாம்பின் வாயில் தானே போய்க் காலை விடுகிறான்.

நம்முடைய சென்னையில்

இந்தப் படத்தில் நம் ஊருக்கும் ஒரு கட்டம் உண்டு. 1956இல் சென்னையில் சயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சி சபை, இந்திய வைத்திய ஆராய்ச்சி சபை, சென்னை சர்க்கார் ஆகியோர் சேர்ந்து நடத்தினார்கள். அந்தக் காலத்தில் சயரோகம் என்றால் சானட்டோரியத்தில் படுக்க வேண்டும், பால் முட்டை சாப்பிட வேண்டும், நல்ல காற்று வாங்க வேண்டும் என்பது பெரிய டாக்டர்களின் வேதவாக்கு. ஏழை என்ன செய்வான்? சானட்டோரியத்தில் இடமில்லை. வீட்டில் பாலில்லை. காற்றுகூட இல்லை.

சென்னையில் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளிலிருந்த 193 நோயாளிகளைச் சீட்டுப்படி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியார் சானட்டோரியத்தில். மறுபகுதியார் தங்கள் குடிசையில். இரு பகுதியாருக்கும் ஒரு வருஷம் ஒரே மருந்து. சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் அதிகம், ஆகாரமும் மேல். 1959இல் முடிவு வெளியாயிற்று. இரண்டு இடத்திலும் பலன் ஏறக்குறைய ஒன்றே! வீட்டில் கூட இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்ததில், அதனால் அவர்களுக்கு நோய் அதிகமாக ஒட்டவுமில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குடிசையிலும் பிழைக்கலாம் என்பது உலகத்துக்கே சென்னைக் குடிசையிலிருந்து போன சேதி. ஏழைக்குச் சானட்டோரியம் இல்லை, ஆகவே அவன் விதி அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்த வாயை ஒரு சீட்டும் ஒரு கணக்கும் அடைத்துவிட்டன.

புளியங்கொட்டைக் கணக்கு

இங்கே இருக்கும் சிறுவர்களில் ஒருவர் நூறு புளியங்கொட்டையை எடுத்துவைக்கட்டும். ஒவ்வொன்றும் ஒரு புது மருந்து என்று வைத்துக்கொள்ளுவோம். ஆராய்ச்சிசாலையையும் மிருகச் சோதனையையும் தாண்டி, மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று வந்தவை இவை. இதுவரை வருவதற்கே ஆயிரக்கணக்கான கொட்டைகள் கீழே உதிர்ந்துவிட்டன. முதல் படியில் 20 முதல் 100 பேருக்குக் கொடுத்து, உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டாம் படியில் சில நூறு நோயாளிகளுக்குக் கொடுத்து, நோய் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் படியில் 300 முதல் 3,000 பேர்வரை வைத்து, பழைய மருந்தோடோ வெறும் மாத்திரையோடோ சேர்த்து நிறுத்திப் பார்க்கிறார்கள். அமெரிக்க சர்க்காரின் மருந்து நிர்வாகத்தார் கொடுக்கும் உத்தேசக் கணக்குப்படி முதல் படியைத் தாண்டுபவை நூற்றுக்கு எழுபது. இரண்டாம் படியைத் தாண்டுபவை மூன்றில் ஒன்று. மூன்றாம் படியைத் தாண்டுபவை ஏறக்குறைய நாலில் ஒன்று. கொட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே வாருங்கள். நூறு எழுபதாகும், எழுபது இருபத்துமூன்றாகும், இருபத்துமூன்று ஆறாகும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றுநாலு தோற்றுப்போகிறதே, இது என்ன சாஸ்திரம் என்று கேட்கக்கூடாது. தோற்றதைத் தோற்றதென்று ஒப்புக்கொள்ளுகிறது பாருங்கள், அதுதான் சாஸ்திரம். நம் நாட்டில் ஆயிரம் வருஷமாகத் தோற்றுப்போன பரிகாரம் ஒன்றையாவது யாராவது தள்ளிவைத்ததுண்டா? பரிகாரம் பலிக்காவிட்டால் செய்தவன் பக்தியில் குறை என்றல்லவா சொல்லிவிடுகிறார்கள்!

பாம்பை அழித்தால் என்ன ஆகும்?

படத்தைப் பார்த்த ஒரு பெரியவர், "இவ்வளவு பாம்பு எதற்கு? பாதியை அழித்துவிட்டால் சீக்கிரம் மேலே போகலாமே" என்றார். பாம்பை அழித்த கதைகளையும் கேளுங்கள்.

1937இல் அமெரிக்காவில் சல்பா மருந்தைக் குழந்தைகள் குடிக்கத் தகுந்த பாகாகச் செய்து விற்றார்கள். மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்த்தார்கள். அது விஷமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமென்று சட்டமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதன் பிறகுதான் 1938இல் சட்டம் வந்தது.

1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1961 முடிவில் அங்கே அதை நிறுத்தினார்கள். அந்த மருந்தால் பல நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. அமெரிக்காவில் அது கடைக்கு வரவில்லை. ஏன்? மருந்து நிர்வாகத்தில் பிரான்சிஸ் கெல்சி என்ற ஒரு பெண்மணி இருந்தார். கம்பெனிக்காரர் எத்தனை தடவை வந்து நெருக்கினபோதும், கொண்டுவந்திருக்கும் அத்தாட்சி போதாது, இன்னும் கொண்டுவா என்று காகிதத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பெண்புத்தி பின்புத்தி என்று சொல்லும் நம்மவர்கள் இந்தக் கட்டத்தில் காயை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசிக்கவேண்டும்.

இதெல்லாம் மேல்நாட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். அந்த மருந்தில் கண்ட விஷம் 1937இல் கண்ட அதே விஷம். மருந்து செய்த இடம் எது? நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டம். எண்பத்தெட்டு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்து, பேர் வைத்து, படத்தில் வரைந்துவைத்த பாம்பு! சரக்கைச் சோதித்துவிட்டு விற்கவேண்டும், சோதித்தார்களா என்று சர்க்கார் பார்க்கவேண்டும் என்ற இரண்டு விதியும் காகிதத்தில் இருந்தன. ஆட்டத்தில் இல்லை. பாம்பை அழித்தால் பாம்பு போய்விடுவதில்லை. படத்தைவிட்டுக் கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

சில ஆட்சேபங்கள்

"அப்படியானால் இங்கிலீஷ் மருந்தை மாத்திரம் நம்பு என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. மருந்துக்குச் சாதியும் இல்லை, தேசமும் இல்லை. நம் மலையில் விளைந்த மூலிகையானாலும் அதே ஏணியின் அடிக்கு வரட்டும், மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும், ஏறட்டும். பாட்டன் சாப்பிட்டான் என்பது பதிலாகாது. டாக்டர் சொன்னார் என்பதும் பதிலாகாது. குருக்கள் சொன்னார் என்பதைத் தள்ளிவிட்டு, டாக்டர் சொன்னார் என்பதைக் கும்பிட்டால் பூணூலைக் கழற்றி வேறு கயிற்றைக் கட்டிக்கொண்டதுதான். நாம் சொன்னோம் என்பதும் பதிலாகாது. இங்கே சொன்ன எண்களை நீங்களே தேடிப் பார்க்கவேண்டும்.

"கம்பெனிக்காரன் லாபத்துக்காகப் பொய் சொல்லமாட்டானா?" என்பார்கள். சொல்லுவான். மூட்டுவலிக்கென்று 1999இல் வந்த வயாக்ஸ் என்ற மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகமாக்குகிறதென்று 2004இல் கடையைவிட்டே போயிற்று. அதனால்தான் பிள்ளைகள் கடைக்கு வந்த கட்டத்துக்கு மேலேயும் பாம்பு வரைந்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தது யார் என்ற மூன்றாவது கேள்வி அதற்காகத்தான்.

"ஏழைகளை எலியாக்கிச் சோதிக்கிறார்களே" என்றால், அது மிகவும் நியாயமான பயம். நாம் புகழ்ந்த அந்தப் பிரிட்டிஷ் சோதனையிலேகூட, மருந்து வாங்காத பகுதியாருக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பது தெரியாது. அது சரியல்ல. இன்று சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்கக்கூடாது என்பது விதி. ஆகவே யாராவது காகிதத்தை நீட்டினால், நமக்குத் தெரிந்த பாஷையில் படித்துக்காட்டச் சொல்லவேண்டும். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லவேண்டும். நடுவில் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டென்று தெரிந்திருக்கவேண்டும். கேள்வி கேட்கத் தெரிந்தவனை எலியாக்க முடியாது. சுயமரியாதை என்பது அதுதான்.

தோழர்களே! நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது ஒன்றுதான். இந்தப் படத்தைப் பார்த்து ஆளுக்கொன்று வரைந்துகொள்ளுங்கள். அட்டை வேண்டாம், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாலும் போதும். புளியங்கொட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. வருகிற வைகுண்ட ஏகாதசி இரவு உங்கள் வீட்டாரும் அண்டை வீட்டாரும் எப்படியும் கண் விழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். சண்டை போடாதீர்கள். ஒரு ஆட்டம் பரமபதம் ஆடுங்கள். அடுத்த ஆட்டம் இதை ஆடுங்கள். ஏணிக்கு ஏணி அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். விடிவதற்குள் குழந்தைகள் அந்தக் கேள்விகளை, பரமபதத்தின் ஏணியைப் பார்த்தும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குமேல் நாம் வந்து பிரசங்கம் செய்யவேண்டிய அவசியம் இராது.